இருட்டில் ஓர் இரும்புக் கை

என் தகப்பனாரின் கடையில் விபூதி மடிப்பதற்கு இங்கிலாந்து தேசத்திலிருந்து காகிதம் வந்தது என்று சொன்னால் வாசகர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் சொல்வதில் பாதியாவது நிஜம்.

திருத்தணி மலையடிவாரத்தில், படிக்கட்டு ஆரம்பமாகும் இடத்துக்குச் சற்று இப்பால், எங்களுக்குச் சின்னதாக ஒரு பூஜைச் சாமான் கடை இருந்தது. மேலே 365 படிகளுக்கு அப்பால் சுவாமி, கீழே நாங்கள். கற்பூரம், ஊதுவத்தி, குங்குமம், விபூதி, சந்தன வில்லை இவைதான் வியாபாரம். தேங்காயைச் சுற்றிக் கொடுக்கத் தினசரிப் பத்திரிகை போதும். விபூதிக்கு அது சரிப்படாது. தாள் பெரிது, கிழித்தால் கோணலாகப் போகும். சிறிய புத்தகத்தின் தாள்தான் பொட்டலத்துக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருக்கும். அரக்கோணத்திலிருந்து பழைய காகித வியாபாரி ஒருவர் மாதம் ஒருமுறை மூட்டை கொண்டு வந்து எடை போட்டுக் கொடுப்பார். அந்த மூட்டைக்குள் பள்ளிக்கூட நோட்டுகள், அட்டை போன துப்பறியும் நாவல்கள், ரயில்வே கால அட்டவணை, இவற்றோடு முத்து காமிக்ஸும் இருந்தது.

இவ்விதமாகத்தான் இரும்புக்கை மாயாவி என் வாழ்க்கையில் பிரவேசித்தார். பிரவேசித்த அன்றே பாதி மாயாவி பொட்டலமாகி நகரிக்கும் புத்தூருக்கும் சித்தூருக்கும் பஸ் ஏறிப் போய்விட்டார். எங்கள் ஊருக்கு வரும் யாத்ரிகர்களில் பாதிப்பேர் தெலுங்கு பேசுகிறவர்கள். திருத்தணியே 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி வரையில் ஆந்திர தேசத்துச் சித்தூர் ஜில்லாவில்தானே இருந்தது? எல்லையை மாற்றிப் போட்டார்கள். நாக்கை மாற்ற முடியவில்லை. எங்கள் கடையில் "விபூதி கொடு" என்று கேட்டவர்களுக்குச் சமமாக "விபூதி இவ்வண்டி" என்று கேட்டவர்களும் உண்டு. இரு சாராருக்கும் மாயாவியின் தாளில்தான் மடித்துக் கொடுத்தோம்.

இந்த மாயாவி யார் என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் எப்படியும் பொறுத்துக்கொள்வார்கள். மாயாவியைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் கேட்கக்கூடிய ஜாதி அது.

லண்டனில் 1962-ஆம் வருஷம் அக்டோபர் 6-ந் தேதி 'வேலியண்ட்' என்று ஒரு சிறுவர் வாரப் பத்திரிகை தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே லூயிஸ் கிராண்டேல் என்பவனின் கதை ஆரம்பமாயிற்று. பாரிங்கர் என்னும் விஞ்ஞானியிடம் உதவியாளாயிருந்தவன். ஆராய்ச்சிக் கூடத்து விபத்தொன்றில் வலது கையை இழந்து, அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். மறுபடியும் வேலைக்கு வந்தவனுக்கு இன்னொரு விபத்து. உடம்பில் மின்சாரம் பாய்கிறது. ஆள் மறைந்து போகிறான். இரும்புக் கை மட்டும் மறையவில்லை. அதுதான் கதை. முதல் கதைகளை எழுதியவர் கென்னத் பல்மர் என்ற விஞ்ஞான நாவலாசிரியர். பிறகு டாம் டல்லி என்பவர் நெடுநாள் எழுதினார். படம் வரைந்தவர் பார்ஸிலோனா நகரத்து ஹெஸூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின் தேசத்துக்காரர் வரைய, ஆங்கிலேயர் எழுத, அது கடல் கடந்து எங்கள் கடைக்கு வந்து விபூதி சுமந்தது.

கடல் கடந்து நேரே வரவில்லை, சிவகாசி வழியாக வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால் அந்த ஊரில் அச்சுத் தொழில் வளர்ந்தது. லேபிளுக்குப் பின் காலண்டர், காலண்டருக்குப் பின் வாழ்த்து அட்டை, டயரி. படத்தை மலிவாகவும் பளிச்சென்றும் அச்சடிக்கத் தெரிந்த ஊருக்குப் படக்கதை போய்ச் சேர்ந்ததில் என்ன அதிசயம்? எம். சௌந்தரபாண்டியன் என்பவர் இங்கிலாந்துப் படக்கதைகளுக்கு உரிமை வாங்கி, 1972-ஆம் வருஷம் ஜனவரியில் முத்து காமிக்ஸ் என்ற பெயரில் முதல் புத்தகத்தைக் கொண்டு வந்தார். அதன் தலைப்பே 'இரும்புக்கை மாயாவி'. இந்தப் பெயரை வைத்த மகானுபாவரை நான் எத்தனையோ தரம் வாழ்த்தியிருக்கிறேன். இங்கிலீஷில் கையைத்தான் சொல்லி அழைத்தார்கள், ஆளை விட்டுவிட்டார்கள். தமிழில் கையும் வந்தது, மாயமும் வந்தது, மரியாதையும் வந்தது. மறைந்தும் வெளிப்பட்டும் லீலை செய்கிற பாத்திரங்களை நம்முடைய பாட்டிமார் கதைகளில் நாம் அறிவோம். கடலுக்கு நடுவில் மாமரமாய் நின்ற சூரபத்மனை அறிந்த ஊர்க்காரனுக்கு லூயிஸ் கிராண்டேல் ஒன்றும் புது மனிதன் அல்ல.

மாயாவி கதைகளில் மறக்க முடியாத கட்டம் எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். 'பாம்புத் தீவு' என்பார் ஒருவர், 'நாச அலைகள்' என்பார் இன்னொருவர். 'கொரில்லா சாம்ராஜ்யம்' என்று ஒருவர் சொன்னால் அவர் கண்களைப் பாருங்கள். நாற்பது வயசு குறைந்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்தவை பெரிய சண்டைகள் அல்ல. அந்தரத்தில் ஒரு கை தனியாக மிதந்து வந்து கதவின் குமிழைத் திருகும் பாருங்கள், அந்தக் கட்டம். நெஞ்சு அடைத்துவிடும். முகம் இல்லை, உடம்பு இல்லை. அவன் கோபமாயிருக்கிறானா, பயந்திருக்கிறானா என்பதை அந்த ஐந்து விரல்களிலேயே பிளாஸ்கோ காட்டிவிடுவார். நான் எத்தனையோ கதைகளில் எத்தனையோ முகங்களை வர்ணித்திருக்கிறேன். அந்த விரல்களுக்கு அவை ஈடில்லை.

இன்னொரு கட்டம், உடம்பு திரும்பி வருவது. மின்சாரத்தின் சக்தி கொஞ்ச நேரந்தான் நிற்கும். எதிரியின் கோட்டைக்கு நடுவில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கம்பியும் இல்லாதபோது, தோளும் தலையும் புகை மாதிரி தெரிய ஆரம்பிக்கும். பறக்கிற வீரர்களும் மலையைத் தூக்குகிற வீரர்களும் அமெரிக்காவிலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள். அவர்களுக்கு என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது? மாயாவிக்குக் கஷ்டம் உண்டு. மின்சாரம் போய்விட்டால் அவரும் நம்மைப்போல் சாதாரண மனிதர். மாலையில் விளக்கேற்றும் வேளை பார்த்து மின்சாரம் நின்றுபோகும் எங்கள் ஊரில் இந்த விஷயம் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என் தகப்பனாருக்கு வேறொரு சந்தேகம். "உடம்பு மறைகிறது சரி, சட்டை எப்படியடா மறைகிறது?" என்பார். வெல்ஸ் 1897-இல் எழுதிய மாய மனிதன் பாவம், மறைய வேண்டுமானால் துணியைக் களைந்துவிட்டுக் குளிரில் நடுங்க வேண்டியிருந்தது. கிராண்டேலுக்கு அந்தத் தொல்லை இல்லை. நான் தகப்பனாருக்குப் பதில் சொல்லவில்லை. என் தாயார் மாயாவியை அறிந்த நாள் முதல் வீட்டில் இருந்த ஒரே ஒரு பிளக்குத் துவாரத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்தார். தமிழ்நாட்டில் எத்தனை தாய்மார்கள் அப்படி ஒட்டினார்களோ!

ஆரம்பத்தில் மாயாவி நல்லவர் அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதல் கதையில் அவன் திருடன். சக்தி வந்ததும் புத்தி கெட்டு, கொள்ளையடித்து, ஊரையே மிரட்டுகிறான். பிறகுதான் தெளிந்து, நிழல் படை என்ற ரகசிய ஸ்தாபனத்தில் சேர்ந்து, உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறார். 1965-இல் இங்கிலாந்தில் 'லயன்' என்ற பத்திரிகையில் தோன்றிய ஸ்பைடரும் அப்படித்தான், குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக ஆசைப்பட்டவன். அவன் கதைகளைப் பின்னால் எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி ஸீகல், அமெரிக்க சூப்பர்மேனை உண்டாக்கிய இருவரில் ஒருவர். 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் குமாரர் விஜயன், இருபது வயது நிரம்பாத பிள்ளை, லயன் காமிக்ஸ் என்று ஒன்றைத் தொடங்கி, அந்த வருஷமே ஸ்பைடரைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். திருடன் நல்லவனாகும் கதைக்கு நம் ஜனங்களிடம் எப்போதும் ஆதரவு உண்டு. வழிப்பறி செய்தவர் ஆழ்வாரானதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா?

மாயாவியின் கடைசிக் காலத்துக் கதைகள் எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை. விரலுக்குள் துப்பாக்கி, உள்ளங்கைக்குள் ரேடியோ என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஒரு கட்டத்தில் விசேஷ உடுப்பு வேறு மாட்டிவிட்டார்கள். வெறும் கையோடு இருந்தபோது அவரிடம் இருந்த கம்பீரம் போய்விட்டது. இது என் அபிப்பிராயம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் தெருவில் வேறொரு சண்டை நடந்தது, எந்த மாயாவி நிஜ மாயாவி என்று. 1984 ஜூலையிலேயே ராணி காமிக்ஸும் தொடங்கியிருந்தது. 1990-களில் அவர்கள் ஒரு முகமூடி வீரரை வெளியிட்டார்கள். லீ ஃபாக் என்ற அமெரிக்கர் 1936 பிப்ரவரியில் தொடங்கிய கதை அது. தகப்பன், பிள்ளை, பேரன் என்று தலைமுறை தலைமுறையாக ஒரே முகமூடி, ஒரே மண்டையோட்டு மோதிரம். அவரை முத்து காமிக்ஸ் வேதாளர் என்றது. ராணி காமிக்ஸ் 'மாயாவி' என்றே பெயர் வைத்துவிட்டது! காட்டில் இருக்கும் மாயாவியா, கரண்டில் மறையும் மாயாவியா என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். அந்த முகமூடி வீரருக்கு ஏற்கெனவே இந்தியாவில் ஒரு பெயர் விவகாரம் நடந்திருந்தது. பம்பாயிலிருந்து 1964 மார்ச் முதல் இந்திரஜால் காமிக்ஸ் அவர் கதையை வெளியிட்டபோது, அவருடைய பரம விரோதிகளான கடற்கொள்ளையரின் பெயர் 'சிங்' என்றிருந்ததை 'சிங்கா' என்று மாற்றினார்கள். வங்காளத்தை நினைவூட்டிய காட்டின் பெயர் 'டெங்காலி' ஆயிற்று. யார் மனசும் புண்படக் கூடாதே என்ற கவலைதான்.

பெயரை மாற்றுவதும் எல்லையை மாற்றுவதும் பெரியவர்கள் காரியம். எங்களுக்கு இருந்த கவலை கிழிந்த பக்கங்கள்.

இங்கே இன்னொருவனைச் சொல்ல வேண்டும். நகரியைச் சேர்ந்தவன். தகப்பனுக்கு விசைத்தறி. பையன் மாத்திரம் திருத்தணியில் மாமன் வீட்டில் தங்கி, எங்கள் பள்ளியிலேயே தெலுங்கு மீடியத்தில் படித்தான். தமிழ் நன்றாகப் பேசுவான். எழுத்துக் கூட்டத் தெரியாது. சாயங்காலம் கடைக்கு வந்து பொட்டலம் மடிக்க உதவி செய்வான். அதற்குக் கூலி, நான் மாயாவியை உரக்க வாசிக்க வேண்டியது. நான் வாசிப்பேன், அவன் படத்தைப் பார்ப்பான். சில சமயம் நான் வாசித்தது அவனுக்குத் திருப்தியாயிராது. "அப்படி இருக்காதுரா. அவன் மூஞ்சியைப் பாரு, பொய் சொல்றான்" என்பான். பார்த்தால் அவன் சொன்னபடியே இருக்கும். எழுத்தை நம்பாமல் படத்தை நம்புகிறவனிடமிருந்து எந்த வில்லனும் தப்ப முடியாது.

முத்து காமிக்ஸின் அமைப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. இங்கிலாந்தில் அது வாரம் இரண்டு மூன்று பக்கங்களாக வந்த தொடர்கதை. வாராவாரம் கடைசிக் கட்டத்தில் ஆபத்து வந்து நிற்க வேண்டும். அதையெல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாகத் தமிழில் போட்டபோது, இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை ஆபத்து வந்தது. ஆகையால் எங்கள் கடையில் எந்தத் தாளைக் கிழித்தாலும் அது ஆபத்துக்கும் தப்பித்தலுக்கும் நடுவில்தான் கிழியும். ஆபத்து எங்களிடம் இருக்கும். தப்பித்த விதம் யாரோ ஒரு புண்ணியவதியின் மடியில் விபூதியோடு போய்விட்டிருக்கும்.

1991 அல்லது 92-இல் அப்படி ஒரு புத்தகம் அகப்பட்டது. அட்டை இல்லை, தலைப்பும் தெரியாது. நிலவறை ஒன்றில் மாயாவியை அடைத்துவிடுகிறார்கள். விளக்கு இல்லை, கம்பி இல்லை. உடம்பு தெரியத் தொடங்குகிறது. கதவுக்கு வெளியே காலடி ஓசை. அடுத்த தாள் இல்லை. அதற்கடுத்த தாளில் அவர் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறார்!

இரண்டு நாள் நான் யோசித்தேன். சுவரில் ரகசியக் கம்பி இருந்தது, கூரையில் மின்னல் விழுந்தது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவன் ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டான். மூன்றாம் நாள் மாலை வழக்கம்போல் மின்சாரம் நின்றது. தகப்பனார் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தார். கடைக்குள் எங்கோ உட்கார்ந்திருந்த அவன் மெதுவாகச் சொன்னான்:

"இருட்டுலே எல்லாரும் மாயாவிதானேரா? அவனுக்குக் கரண்டு எதுக்கு? கையை மட்டும் சட்டைக்குள்ளே ஒளிச்சிக்கிட்டா முடிஞ்சது. பளபளன்னு தெரியறது அது ஒண்ணுதானே."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உலகத்துக்கெல்லாம் தெரியாமல் மறைந்து, கையை மட்டும் மறைக்க முடியாமல் தவித்தவன், கடைசியில் தன் உடம்பை மறந்துவிட்டுக் கையை மறைத்துக்கொள்கிறான். அந்தப் பக்கத்தை எழுதியவர் இதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது என்று அன்று தீர்மானித்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

இனிச் சொல்ல வருவது எனக்குப் பெருமை தராத விஷயம். எனக்குப் பத்தொன்பது வயதானபோது என் முதல் கதை ஒரு வாரப் பத்திரிகையில் வெளியாயிற்று. மலையடிவாரத்துக் கிடங்கொன்றில் அகப்பட்டுக்கொண்ட திருடனின் கதை. கையில் பளபளக்கும் பித்தளைச் சொம்பு. ஆட்கள் வருகிறார்கள், மின்சாரம் நின்றுவிடுகிறது. சொம்பை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு நடுவிலேயே அவன் நடந்து போய்விடுகிறான். அந்தக் கடைசிக் கட்டத்தைப் பாராட்டிக் கடிதங்கள் வந்தன. மணியார்டரில் நூற்றைம்பது ரூபாய் வந்தது. படிப்பு பிளஸ் டூவோடு நின்றுபோன என்னை எழுத்தாளன் என்று தகப்பனார் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

அவன் அப்போது பள்ளியை விட்டு, பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் போனால் ஒரு மணிக்குள் போய்விடலாம். நான் போகவில்லை. அவனுக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே, எங்கே தெரிந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பை நினைத்தால் இப்போதும் முகம் கூசுகிறது.

ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுபோயிற்று. முத்துவும் லயனும் சில வருஷம் வந்தும் வராமலும் இருந்துவிட்டு, 2012 ஜனவரியில் புதுத் தெம்போடு எழுந்தன. 2022-இல் முத்து காமிக்ஸுக்கு ஐம்பது வருஷம் நிறைந்தது. பழைய மாயாவி கதைகள் நல்ல காகிதத்தில் மறுபதிப்பாக வந்தன. சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி, நிலவறையைத் தேடுகிறேன். என் கண்ணில் அது படவில்லை. படாதது நல்லதுதானோ என்னவோ, தேடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

சென்ற டிசம்பர் 31-ந் தேதி படித் திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருந்தேன். படிக்கொரு கற்பூரமும் படிக்கொரு பாட்டுமாக ஜனங்கள் மலை ஏறும் ராத்திரி அது. மறுநாள் காலை, இரண்டு மாயாவி மறுபதிப்புகளை எடுத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அவன் தலை நரைத்திருந்தது. தறியை நிறுத்திவிட்டு, பாயை விரித்து உட்கார வைத்தான். காபி வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்: நிலவறை, இருட்டு, சொம்பு, நூற்றைம்பது ரூபாய்.

அவன் வெகு நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதை நான் எங்கேரா சொன்னேன்? நீதான் வாசிச்சே. கையைச் சட்டைக்குள்ளே ஒளிச்சிக்கிட்டுப் போனான்னு புஸ்தகத்திலேயே இருந்துதே. நான் படம்கூடப் பார்த்தேன்."

இல்லை என்றேன். அந்தத் தாளே இல்லை என்றேன். அவன் தலையை ஆட்டினான். படத்தில் கதவு எந்தப் பக்கம், மாயாவி எந்தப் பக்கம் நின்றார் என்று கையால் காட்டினான். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான். பன்னிரண்டு வயசுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. தமிழ்ப் பள்ளியில் படிக்கிறதாம்.

"இந்தப் புஸ்தகத்திலே ஒரு இருட்டு ரூம் இருக்கும், எடும்மா. மாமாவுக்குக் காட்டலாம்."

அவள் இரண்டு புத்தகங்களையும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"இதிலே இல்லே, நைனா."

"சரியாப் பாரும்மா" என்றான்.